மோட்டார் சைக்கிள் காப்புறுதி: இளைஞர்களுக்குக் கட்டணம் எங்கே கூடுகிறது, எங்கே குறைக்கலாம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் கருமபீடத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் இருபது வயது இளைஞனின் கையில் பழைய அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி அட்டை என்று மூன்று கடதாசிகள் இருக்கும். முதல் இரண்டும் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவதை, அது இல்லாவிட்டால் அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதற்காக வாங்கியிருப்பான். அந்த அட்டை யாருக்கு, எப்போது, எவ்வளவு பணம் தரும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, புதிய மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுக்கும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "வயது குறைவு என்பதால் கட்டணம் பல மடங்கு வரும்" என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர், எது மலிவோ அதைப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே பிழையான கணக்கு. ஏன் பிழை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வெளிநாட்டுக் கணக்கு இங்கே ஏன் பொருந்தாது

பிரித்தானியா போன்ற நாடுகளில் காப்புறுதி பெரும்பாலும் ஓட்டுநரைச் சுற்றியே எழுதப்படுகிறது. யார் ஓட்டுவார்கள், அவர்களின் வயது என்ன, எத்தனை ஆண்டு அனுபவம், எந்தத் தபால் குறியீட்டில் வண்டி இரவில் நிற்கும் என்பவற்றை வைத்தே விலை போடுகிறார்கள். அதனால்தான் லண்டனில் இருக்கும் பத்தொன்பது வயது மச்சானின் கட்டணம் சில வேளைகளில் வண்டியின் விலையையே தொட்டுவிடுகிறது.

இலங்கையில் காப்புறுதி பெரும்பாலும் வண்டியின்மேல் நிற்கிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள எவரும் ஓட்டலாம் என்பதே வழமையான பொலிசி ஏற்பாடு. ஆகவே மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு, பதினெட்டு வயது மகனும் ஐம்பது வயது தகப்பனும் ஒரே வகை வண்டிக்கு ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் கட்டுவார்கள். இளைஞரின் வயது இங்கே வேறு இடத்தில் வந்து நிற்கிறது. இழப்பீடு கோரும்போது, சில பொலிசிகளில் வயது குறைந்தவர் அல்லது அனுபவம் குறைந்தவர் ஓட்டியிருந்தால் எக்ஸஸ் தொகை, அதாவது சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, கூடுதலாகப் பிடிக்கப்படும். வண்டியை வாங்கும்போது இந்த வரி கண்ணில் படுவதில்லை. விபத்துக்குப் பிறகுதான் படுகிறது.

நான்கு சொற்கள்

1. மூன்றாம் தரப்புக் காப்புறுதி: 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கட்டாயமானது. உங்கள் வண்டியால் வேறொருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ அவருக்குச் செல்ல வேண்டிய இழப்பீட்டுக்காக இருப்பது இது. அவரது வாகனம், மதில், கடை போன்ற சொத்துச் சேதத்துக்குப் பொலிசியில் ஓர் உச்ச வரம்பு எழுதப்பட்டிருக்கும். உங்கள் வண்டிக்கும் உங்கள் உடம்புக்கும் இதில் ஒரு சதமும் இல்லை.

2. முழுக் காப்புறுதி: மக்கள் "புல் இன்சூரன்ஸ்" என்று சொல்வது. மூன்றாம் தரப்போடு சேர்த்து உங்கள் வண்டிக்கான விபத்துச் சேதம், தீ, களவு ஆகியவையும் அடங்கும்.

3. எக்ஸஸ்: ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை. எக்ஸஸ் 5,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய்ச் சேதத்துக்கு நிறுவனத்தை அழைப்பதில் பயனில்லை.

4. நோ கிளெய்ம் போனஸ்: இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு. இது முழுக் காப்புறுதியில்தான் பெரிதாகப் பேசப்படும்.

மாடு விடயத்தில் இந்த வேறுபாட்டை எங்கள் பகுதியில் யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். செங்கலடிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் இரவில் தார் வீதியின் சூட்டுக்காக மாடுகள் படுத்திருக்கும். வெளிச்சம் குறைந்த ஒரு வளைவில் மோதினால் முன் சக்கரம் வளையும், போர்க் தண்டு கோணும், ஓட்டியவரின் கையோ காலோ முறியும். மூன்றாம் தரப்பு அட்டை மட்டும் இருந்தால், மாட்டுச் சொந்தக்காரர் உங்கள் கவனக்குறைவை நிரூபித்து நட்டம் கேட்டால் அதற்கே அது பயன்படும். வண்டியைத் திருத்தும் காசும், வேலைக்குப் போகாத மாதங்களும் உங்கள் வீட்டுக் கணக்கில்தான் விழும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயவிட்ட நெல்லில் வழுக்கி விழுந்தாலும் இதே கதைதான்.

கட்டணம் எதனால் ஆனது

மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் பேரம் பேச அதிக இடமில்லை. முழுக் காப்புறுதியோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான். பெரிய வித்தியாசம் வருவது முழுக் காப்புறுதியில். அங்கே கட்டணத்தைத் தீர்மானிப்பவை இவை:

1. வண்டியின் சந்தைப் பெறுமதி. இறக்குமதி நிறுத்தப்பட்ட ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறியதால், அதே பழைய வண்டிக்குக் காப்புறுதித் தொகையும் ஏறியது. வயதை நொந்துகொள்ளும் பலருக்கு உண்மையில் கட்டணத்தைக் கூட்டியது இதுதான்.

2. வண்டியின் வகை. இயந்திரக் கொள்ளளவு, உதிரிப்பாகங்களின் விலை, களவுபோகும் வாய்ப்பு எல்லாம் இதற்குள் வரும். 150 சிசி பல்சரும் 88 சிசி ஸ்கூட்டி பெப்பும் ஒரே கட்டணத்தில் இருக்க முடியாது.

3. பாவனை. சொந்தத் தேவைக்கா, வாடகைக்கா, சாப்பாடு அல்லது பொதி விநியோகத்துக்கா என்பது.

4. சேர்த்துக்கொள்ளும் மேலதிகப் பாதுகாப்புகள்.

5. வரிகள். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். அதன்மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சிறு கட்டணங்களும் சேரும். முகவர் வாயால் சொல்லும் தொகைக்கும் பற்றுச்சீட்டில் வரும் தொகைக்கும் உள்ள இடைவெளி பல வேளைகளில் இந்த வரிதான். ஆகவே விலை கேட்கும்போது வரியெல்லாம் சேர்ந்த இறுதித் தொகையைக் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிட வேறு வழியில்லை.

மலிவாக்கும் ஆசையில் பெறுமதியைக் குறைத்தால்

கட்டணத்தைக் குறைக்க முகவர்கள் சொல்லும் முதல் உபாயம், வண்டியின் பெறுமதியைக் குறைத்துப் போடுவது. இது சட்டவிரோதமில்லை. ஆனால் பொலிசியில் குறைமதிப்பு விதி இருந்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கூட்டிக் கழிக்க இலகுவாக இருக்கும் தொகைகளையே எடுக்கிறேன்.

வண்டியின் சந்தைப் பெறுமதி 600,000 ரூபாய். கட்டணத்தை மிச்சம் பிடிக்க 400,000 ரூபாய்க்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. விபத்தில் 90,000 ரூபாய்க்குச் சேதம். 400,000 வரைக்கும் தருவார்கள், 90,000 அதற்குள்தானே என்று நினைப்போம். ஆனால் நிறுவனம் சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஏற்கும். அது 60,000. அதில் எக்ஸஸ் 5,000 போனால் கையில் வருவது 55,000. மீதி 35,000 உங்கள் பொக்கற்றிலிருந்து. கட்டணத்தில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 600,000 பெறுமதியான வண்டியை 800,000 என்று போட்டாலும், களவுபோனால் கிடைப்பது பெரும்பாலும் அன்றைய சந்தைப் பெறுமதிதான். கூடுதலாகக் கட்டியது வீண். அதனால் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது, அந்த மாதத்தில் அதே மாடல், அதே ஆண்டு வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து அந்தத் தொகையையே எழுத வேண்டும். போன வருடத்துத் தொகையை அப்படியே தொடர விடுவதுதான் இன்று அதிகம் நடக்கும் பிழை.

ஓப்பன் பேப்பர் வண்டி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் இளைஞர் ஒருவரின் முதல் வண்டி பெரும்பாலும் பழைய வண்டி. களுவாஞ்சிகுடியிலோ சம்மாந்துறையிலோ ஒருவரிடம் காசைக் கொடுத்து, பதிவுப் புத்தகத்தையும் கையொப்பமிட்ட மாற்றப் படிவங்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். திகதி போடாத, வாங்குபவரின் பெயர் எழுதாத படிவங்கள். மாற்றச் செலவை மிச்சம் பிடிக்கவும், பிறகு விற்பது இலகு என்பதற்காகவும் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த வண்டி கைமாறி கைமாறி மூன்றாவது ஆளிடம் ஓடிக்கொண்டிருக்கும். பதிவிலோ முதல் ஆளின் பெயர்.

காப்புறுதியின் பார்வையில் இதில் உள்ள சிக்கல்கள் மூன்று. முதலாவது, காப்புறுதி செய்பவருக்கு அந்தப் பொருளில் சட்டரீதியான நலன் இருக்க வேண்டும். பதிவில் பெயர் இல்லாதவர் வண்டி களவுபோய்விட்டது என்று இழப்பீடு கேட்டால், "நீங்கள் யார்" என்பதே முதற்கேள்வி. இரண்டாவது, பழைய உரிமையாளரின் பெயரில் உள்ள பொலிசி, வண்டியோடு தானாக உங்களுக்கு வந்துவிடாது. நிறுவனத்துக்கு அறிவித்து மாற்ற வேண்டும். மூன்றாவது, விபத்தில் ஒருவர் இறந்தால் பதிவு உரிமையாளருக்கும் அழைப்பாணை போகும். எப்போதோ விற்ற வண்டிக்காக ஒரு குடும்பஸ்தர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

வாங்கியவுடன் உரிமை மாற்றம் செய்வதற்கான செலவு, பழைய வண்டி ஒன்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காப்புறுதிச் செலவு என்பது என் உறுதியான கருத்து. அதைச் செய்யாமல் முழுக் காப்புறுதிக்குக் காசு கட்டுவது, பூட்டில்லாத கதவுக்கு விலையுயர்ந்த சாவி வாங்குவது போன்றது.

அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு

சாரதி அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வகுப்புகள் உண்டு. ஏ1 என்பது 100 சிசி வரையான வண்டிகளுக்கு. ஏ என்பது 100 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு. ஸ்கூட்டி பெப் ஏ1இல் அடங்கும். தோற்றத்தில் அதைவிடப் பெரிதாகத் தெரியாத ஹொண்டா டியோ 109 சிசி, ஆகவே ஏ வேண்டும். ஏ1 மட்டும் வைத்திருக்கும் ஒருவர் தம்பியின் டியோவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் விபத்துக்குள்ளானால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அவர் அனுமதிப்பத்திரம் இல்லாதவர். இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு அந்த ஒரு காரணமே போதும். முழுக் காப்புறுதியானாலும் இதே நிலைதான்.

பயிலுநர் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டுபவர், தன் பொலிசி அதை ஏற்கிறதா என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும். "பரவாயில்லை, ஓடலாம்" என்று தொலைபேசியில் சொன்ன வார்த்தை இழப்பீட்டுக் கோப்பில் இருக்காது.

விநியோக வேலை செய்பவர்கள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் மாணவர்கள் உட்பட, பகுதிநேரமாகச் சாப்பாடும் பொதிகளும் கொண்டுபோகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வண்டி சொந்தப் பாவனைக்கு என்று பதிவாகியிருக்கும்போது கூலிக்காக ஓடிய நேரத்தில் விபத்து நடந்தால், பொலிசியின் பாவனை நிபந்தனை மீறப்பட்டதாகும். விநியோகப் பை வண்டியிலேயே கட்டியிருக்கும், மறைக்கவும் முடியாது. பாவனையை உள்ளபடி சொன்னால் கட்டணம் ஓரளவு கூடும். அந்தக் கூடுதலை வேலைச் செலவாக எண்ணி, வேலை தருபவரிடம் அதில் பங்கு கேட்பதுதான் நியாயம்.

உண்மையில் குறைக்கக்கூடிய வழிகள்

1. குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒரே பெறுமதி, ஒரே எக்ஸஸ், ஒரே மேலதிகப் பாதுகாப்புகள் என்று சொல்லிக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி வட்டாரங்களில் பலர் விரும்பும் தகாபுல் எனும் இஸ்லாமியக் காப்புறுதி முறையும் இந்த ஒப்பீட்டில் இருக்கட்டும். அதில் பங்காளர்களின் பணம் பொது நிதியாகச் சேர்ந்து அதிலிருந்து இழப்பீடு போகிறது. பாவிப்பவரைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய நிபந்தனைகள் அவையேதான்.

2. எக்ஸஸைக் கூட்டிக் கட்டணத்தைக் குறைக்கலாம். விபத்தன்று அந்தத் தொகையைக் கையிலிருந்து கொடுக்க முடியும் என்றால் மட்டும்.

3. சிறு சேதங்களுக்கு இழப்பீடு கோராதீர்கள். ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாய், போனஸ் கழிவு 25 வீதம் என்று வைப்போம். கழிவு 6,000 ரூபாய். 9,000 ரூபாய்ச் சேதத்துக்குக் கோரினால் எக்ஸஸ் 5,000 போக 4,000 கிடைக்கும். அடுத்த ஆண்டு 6,000 ரூபாய்க் கழிவை இழந்தால், கோரியதால் 2,000 ரூபாய் நட்டம்.

4. வண்டி பழையதாகி விலை குறைந்தவுடன் முழுக் காப்புறுதி தேவையா என்று மீண்டும் யோசியுங்கள். மூன்றாம் தரப்போடு தனிநபர் விபத்துப் பாதுகாப்பை மட்டும் சேர்ப்பது பலருக்குப் போதும். என்னைக் கேட்டால், குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இந்தச் சேர்க்கைதான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் கால் முறிந்து மூன்று மாதம் மேசன் வேலைக்குப் போகாத இளைஞரின் நாட்சம்பளத்தை எந்த வைத்தியசாலையும் தராது. பின்னால் இருந்து வருபவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

லீசிங்கில் எடுத்த வண்டிக்கு இந்தத் தெரிவு இல்லை. கடன் முடியும்வரை முழு உரிமையாளர் லீசிங் நிறுவனம் என்பதால் முழுக் காப்புறுதியை அவர்கள் கட்டாயமாக்குவார்கள். எந்த நிறுவனத்தில் போடுவது என்பதை நீங்களே தெரிவுசெய்யலாமா என்று ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பே கேளுங்கள். மாதத் தவணைக்குள் காப்புறுதிக் கட்டணத்தையும் மறைத்துச் சேர்த்திருந்தால் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வெள்ளமும் கலவரமும்

முழுக் காப்புறுதி என்ற பெயரால் எல்லாம் உள்ளே வந்துவிடாது. கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் ஏற்படும் சேதம் தனியாகச் சேர்க்கப்படுவது. அதன் பின்னணியில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பைக் கண்ட ஊருக்கு இது தொலைதூர விடயமில்லை.

வெள்ளமும் அப்படியே. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் இரண்டும் மறக்கவில்லை. இயற்கை அனர்த்தப் பாதுகாப்பு உங்கள் பொலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று மாரிக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நீரில் மூழ்கியிருந்தால், நீர் வடிந்தவுடன் உதைத்து இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது இயக்கினால் பிஸ்டனோடு இணைந்த கொன்ரொட் தண்டு வளையக்கூடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததில்லை, நீங்கள் இயக்கியதால் வந்தது என்று நிறுவனம் வாதிடும்.

விண்ணப்பப் படிவமும் விபத்து நாளும்

காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மேல் எழுதப்படுவது. கேட்ட விபரத்தை மறைத்தாலோ பிழையாகச் சொன்னாலோ ஒப்பந்தமே செல்லாது என்று வாதிட இடமுண்டு. எங்கள் ஊரில் நடப்பது என்ன? முகவர் கடை வாசலில் வைத்து வெற்றுப் படிவத்தை நீட்டுகிறார், பையன் பென்சில் கோடு போட்ட இடத்தில் கையொப்பமிடுகிறான், மீதியை முகவர் வீட்டில் வைத்து நிரப்புகிறார். படிவம் பல வேளைகளில் ஆங்கிலத்திலும் இருக்கும். நிரப்பிய பிறகே கையொப்பமிடுங்கள், புரியாவிட்டால் தமிழில் விளக்கம் கேளுங்கள், ஒரு பிரதியைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை சுருக்கமாக:

1. காயப்பட்டவரை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். வண்டியை விட்டு ஓடுவது சட்டப்படியும் குற்றம், இழப்பீட்டுக்கும் பாதகம்.

2. அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அவ்விடத்திலிருந்தே அழையுங்கள். வண்டிகளை அகற்றும் முன் அவை நின்ற நிலை, வீதி, இலக்கத்தகடுகள் எல்லாவற்றையும் படமெடுங்கள்.

3. யாராவது காயப்பட்டிருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். எதிர்த்தரப்போடு தனியாகப் பேசி "என் பிழைதான்" என்று எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பேற்பது பொதுவாகப் பொலிசி நிபந்தனைக்கு முரண்.

இழப்பீடு மறுக்கப்பட்டால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். கருமபீடத்தில் வாயால் சொல்லி அனுப்பும் மறுப்பை ஏற்கத் தேவையில்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதியும் தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இத்தகைய முறைப்பாடுகளை ஏற்கிறது. இரண்டும் கொழும்பில் இருந்தாலும் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏற வேண்டியதில்லை. பொலிசிப் பிரதி, மறுப்புக் கடிதம், பொலிஸ் பதிவின் பிரதி ஆகியவற்றோடு தமிழில் எழுதிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.